அடிவயிற்றில் வைத்த கை

கர்ப்பப்பைப் புற்று அக்காவை உட்காரவிடாமல் அடித்து நாளாயிற்று. மேலகரத்து வீட்டில் நாங்கள் இருவர்தான். அவள் கணவனை இழந்தவள், நான் கல்யாணமே வேண்டாமென்று இருந்துவிட்டவன். சாரல் காலத்தில் ஊரெல்லாம் வைத்தியர்கள். "மெயினருவில ஒரு குளி போட்டா எந்த வலியும் ஓடிரும்" என்றார் பக்கத்து வீட்டு அண்ணாச்சி. எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரையே அருவிக்குள் தள்ளியிருப்பேன்.

மார்ஃபின் மாத்திரையும் போதாமல் போனபோது வலி மருத்துவரிடம் கூட்டிப்போனேன். காரின் பின்சீட்டில் ஒருக்களித்துப் படுத்தபடியே வந்தாள்.

மருத்துவர் பொறுமையாக விளக்கினார். வலியைக் கொண்டுபோகும் நரம்பை ஊசிமருந்தால் செயலிழக்கச் செய்யலாம். அடிவயிற்று வலிக்கு முதுகெலும்பின் முன்னால் உள்ள நரம்புப் பின்னலில் போடுவார்கள். உட்காரும் இடத்து வலிக்கு வால் எலும்பின் முன்னால் உள்ள சின்ன முடிச்சில். இரண்டும் ஆகாவிட்டால் தண்டுவட நீரில். அதில் வலி அடங்கும், ஆனால் மூத்திரமும் மலமும் தன்னையறியாமல் போகலாம்.

"எங்கேம்மா வலி அதிகம்?"

அக்கா என்னைப் பார்த்தாள். கையை அடிவயிற்றில் வைத்தாள். எங்கள் வீட்டுப் பெண்கள் ஆண்பிள்ளைகள் முன்னால் அதற்குக் கீழே கை வைப்பதில்லை.

முதல் ஊசியில் வயிற்று வலி குறைந்தது. உட்காரத்தான் முடியவில்லை. வீட்டுக்கு வந்த நர்ஸ் என்னை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்ட பிறகே விஷயம் தெரிந்தது. உயிர் போகிற வலி முதலிலிருந்தே ஆசனவாயைச் சுற்றித்தான். மறுபடி ஓடினோம். அதற்குள் வால் எலும்பருகே தோல் புண்ணாகிச் சீழ் பிடித்திருந்தது. அங்கே ஊசி இறக்க முடியாது என்றுவிட்டார் மருத்துவர். மிச்சமிருந்தது மூன்றாவதுதான்.

"அன்னைக்கே ஏன்க்கா சொல்லல?"

"ஒன்னைய வச்சிக்கிட்டு எப்படிலே சொல்ல?"

"சரி, அந்த ஊசியப் போட்டுருவோம். பகலுக்கு ஒரு பொம்பள ஆள் வைக்கேன்."

"ராத்திரிக்கு?"

"ராத்திரி தங்க ஆள் கெடைக்காது. நான் பாத்துக்கிடுதேன்."

"நீயா எனக்குக் கழுவிவிடுவ?"

சின்ன வயதில் எனக்குக் கழுவிவிட்டவளே அவள்தான். அதையும் சொல்லிப் பார்த்தேன்.

"அது வேற. வலி இருந்துட்டுப் போட்டும்லே."

எவ்வளவு கெஞ்சியும் அசையவில்லை. எனக்கு அழுகைதான் வந்தது. இப்போது வலி ஏறும்போது அவள் தலையணையைக் கடித்துக்கொள்கிறாள். "நீ கொஞ்சம் வெளிய போய் நில்லு" என்கிறாள். சாரலில் போய் நிற்கிறேன். அவள் கேட்டு என்னால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான்.