ஒட்டுப்பால் அடைத்த பல்

எனக்கு மூக்குமேல் கோபம். பல்வலியும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். மேல் முன்பல்லில் சொத்தை விழுந்த அந்த வருஷம், மலாயாவில் சிகாமட் பக்கத்துத் தோட்டத்தில் நான் படுத்திய பாட்டையெல்லாம் தாங்கியவள் என் மனைவிதான். ரப்பர் மரத்தைக் கீறிப் பால் வெட்டிக்கொண்டிருந்த என்னை, உரக்கத் திருத்தமாக வாசிக்கிறேன் என்பதற்காகவே ஆபீஸ் கணக்குப் பார்க்கும் பெரிய கிராணி தோட்டப் பள்ளிக்கூடத்து வாத்தியாராக்கியிருந்தார். பல்லுப் போனால் சொல்லுப் போச்சு. முன்பல் இல்லாத வாத்தியார் ‘த’ சொன்னால் காற்றுத்தான் வரும். மறுபடி பால் வாளியைத் தூக்க வேண்டியதுதான்.

அது அவளுக்கும் தெரியும். மரத்தின் வெட்டில் உறைந்திருந்த ஒட்டுப்பாலை ஒரு நாள் கிள்ளி வந்து, சுடுநீரில் அலசி, என் பல்லின் குழியில் வைத்து அழுத்தினாள்.

"ஓட்டை வாளிக்கே இதைத்தானே வச்சு அடைக்கிறோம்? இனிமே பூச்சி எப்படி நுழையுதுன்னு பாத்துறலாம்."

வலிகூடக் கொஞ்சம் அடங்கியது. கெட்டிக்காரி என்று மெச்சினேன்.

சில நாளில் உதடு வீங்கி மூக்கைத் தொட்டது. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் எட்டிப் பார்த்த உடனேயே இடுக்கியை எடுத்தார். "பிடுங்கிறலாம் வாத்தியாரே, ஒரு நிமிஷம்."

"பல்லுமேல கை வச்சீங்க, தெரியும் சேதி!" என்று நடுவில் பாய்ந்தவள், என்னை நேரே டவுனிலிருந்த ஜப்பானியப் பல் வைத்தியரிடம் இழுத்துப்போனாள்.

அவர் கொக்கியால் ஒட்டுப்பாலைத் தோண்டி எடுத்ததும் சீழ் பீறிட்டது. எனக்கு உயிர் வந்தது. கடைத்தெரு மலாயில் அவர் சொன்னது இதுதான்: "திருடன் வீட்டுக்குள்ள இருக்கான். வெளியே பூட்டு போட்டு என்ன புண்ணியம்?"

அவள் முகம் செத்துவிட்டது. திரும்பும் வழியெல்லாம் "நானே கெடுத்துட்டேங்க" என்று அழுதாள். எனக்கு அன்று கோபமே வரவில்லை. என் பல்லுக்காக அழ ஒருத்தி இருக்கிறாளே என்றுதான் தோன்றியது.

வாராவாரம் போனோம். மயிரிழைபோன்ற ஊசியை வேருக்குள் விட்டுச் சுரண்டினார். மருந்துப் பஞ்சு வைத்தார். வாடை முழுக்கப் போன பிறகே அடைக்கச் சம்மதித்தார். கிராம்பு எண்ணெயில் வெள்ளைப் பொடியைக் குழைத்து, இளஞ்சிவப்புக் குச்சி ஒன்றை அதில் தோய்த்தார்.

"அது என்னாங்க?" என்றாள்.

"காட்டு மரத்துப் பால். உங்க ஜொகூர்லயே இருக்கு."

"பாத்தீங்களா! நான் வச்சதும் மரத்துப் பால்தானே?"

வைத்தியர் முதல்முறையாகச் சிரித்தார். "பால் சரிதான். முதல்ல உள்ளே கழுவணும். அப்புறம் இந்தப் பசை. குச்சி தானா பல்லோட ஒட்டாது. மயிரளவு இடுக்கு விட்டாலும் கிருமி திரும்ப வந்துரும்."

மறுநாள் வகுப்பில், "தம்பி, தாத்தா, தண்ணீர்" என்று வாசித்தேன். பால் வெட்டி முடித்து வந்தவள் வாளியோடு சன்னலுக்கு வெளியே நின்றாள்.

"காத்து வருதா?" என்றேன்.

"பொட்டுக்கூட இல்லீங்க."

"ரொம்ப நன்றி" என்றேன், பிள்ளைகள் முன்னாலேயே. தோட்டத்தில் எந்த ஆம்பிளை பெண்டாட்டிக்கு நன்றி சொன்னான்? அவள் வாளியைக் கீழே வைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அலமாக்! பல்லோட சேத்து கோவத்தையும் கழுவி விட்டுட்டாரா அந்த ஜப்பான்காரரு?"

கோபம் அடுத்த வாரமே திரும்பிவிட்டது. கிருமி திரும்பவில்லை. மற்ற பற்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன, அவளும் போய்விட்டாள். அந்த முன்பல் மட்டும் இருக்கிறது. ‘த’வில் தொடங்கும் அவள் பெயரைச் சொல்லும்போது நாக்கு முதலில் அதைத்தான் தொடுகிறது.