லேவண்டர் பிரபுவோடு சதுரங்கப்பட்டினத்துக்கு

ஜனவரி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஏழரை மணிக்குச் செங்கல்பட்டுப் பேருந்து நிலையத்தில் மாமல்லபுரம் வண்டியில் ஏறி ஜன்னலோரமாக உட்கார்ந்தேன். எழுபத்து நான்கு வயதில் ஒருத்தி தனியாகக் கிளம்பினால் வீட்டில் கேள்வி கேட்காமல் விடுவார்களா? யாரைப் பார்க்கப் போகிறாய் என்றான் மகன். "ஐம்பது வருஷத்துக்கு முன்னாடி நான் குடையால அடிச்ச ஒருத்தரை" என்றேன். அவன் சிரித்துக்கொண்டே காபி டம்ளரைக் கழுவப் போய்விட்டான். நான் சொன்னது நிஜம்.

நடத்துநர் வந்தார். பெண்களுக்கு இலவசம்தானே என்று சும்மா இருந்தேன். "இது டவுன் வண்டி இல்ல மா, டிக்கெட் எடுக்கணும்" என்றார். முப்பது ரூபாய். திருக்கழுக்குன்றம் வழியாக முப்பது கிலோமீட்டர். கொளவாய் ஏரி பின்னால் போனதும் காற்று குளிர்ந்தது. முந்தானையால் காதை மூடிக்கொண்டு, எப்படித் தொடங்கியது இதெல்லாம் என்று யோசித்துக்கொண்டே போனேன்.

நான் செய்யூர்ப் பக்கம் பிறந்தவள். அப்பாவும் அம்மாவும் பிறத்தியார் நிலத்தில் வேர்க்கடலை பிடுங்கிப் பிழைத்தார்கள். மிஷன் ஆஸ்பத்திரியில் நர்சு படிப்பு முடித்து, இருபத்திரண்டு வயதில், எழுபதுகளின் தொடக்கத்தில், இங்கிலாந்துக்குப் போனேன். லங்காஷயரில் பர்ன்லி என்ற நெசவாலை ஊர். மழை, கரி படிந்த செங்கல் வீடுகள், உப்பில்லாத சாப்பாடு. முதல் மூன்று மாதம் தினமும் அழுதேன். அழாத நேரம் என்று ஒன்றுதான் உண்டு. சனிக்கிழமை சாயங்காலம் நான்கு மணி. எங்கள் விடுதித் தொலைக்காட்சியில் அப்போது மல்யுத்தம் வரும்.

வாசகர்களில் பலருக்கு இது தெரிந்திருக்காது. இப்போது தொலைக்காட்சியில் வாணவேடிக்கையோடு வருகிறதே, அதுபோல் அல்ல. ஒரு சின்ன மேடை, சுற்றிலும் கயிறு, தொந்தி சரிந்த இரண்டு ஆட்கள். எதிராளியை இரண்டு முறை தோளோடு தரையில் அமுக்குகிறவன் ஜெயித்தவன். ஒருவன் நல்லவன், மற்றவன் அயோக்கியன். நடுவர் திரும்பினால் அயோக்கியன் முடியைப் பிடித்து இழுப்பான். வார்டில் நாங்கள் செருப்புச் சத்தம் வராமல் நடக்க வேண்டும் என்று சட்டம் போட்ட மேட்ரன் அம்மா, அந்த நேரத்தில் நாற்காலி மேல் ஏறி நின்று கத்துவார்.

எங்களுக்குப் பிடிக்காத ஆள் லேவண்டர் பிரபு. ஊதா நிறச் சால்வை போர்த்திக்கொண்டு வருவார். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஆலைத் தொழிலாளிகள் மேல், நாற்றம் தாங்கவில்லை என்பதுபோல், வாசனைத் தண்ணீர் தெளிப்பார். ஊரே பல்லைக் கடிக்கும்.

அவர் ஒரு புதன்கிழமை எங்கள் ஊர்க் கூடத்துக்கே வந்தார். எதிரே நிற்கப் போகிறவர் 'மெட்ராஸ் இளவரசன்' என்று சுவரொட்டி சொன்னது. மெட்ராஸ் என்று பார்த்ததும் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கூட வேலை பார்த்த பெண்களோடு போய் முன்வரிசையில் உட்கார்ந்தேன். தலைப்பாகையோடு ஒரு கறுத்த வாலிபர் மேடையேறினார். இளவரசருக்கு ஆங்கிலமே தெரியாது என்று அறிவித்தார்கள். மூன்றாம் சுற்றில் லேவண்டர் பிரபு அவரைக் கயிற்றோரமாகச் சாய்த்துக் கண்ணை நோண்டினார். என் கண்ணெதிரே, ஒரு முழத் தூரத்தில்.

அப்புறம் நடந்தது எனக்கே சரியாக நினைவில்லை. குடையை எடுத்துக்கொண்டு ஓடியிருக்கிறேன். பிரபுவின் முதுகில் நாலு போட்டேன். "வுட்றா அவன, பாவி, வுட்றா" என்று செய்யூர்த் தமிழில் கத்தியிருக்கிறேன். கூடமே எழுந்து கை தட்டியது. அப்போது கயிற்றுக்கு அடியில் நசுங்கிக் கிடந்த இளவரசர் ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். உதடு அசையாமல், மெதுவாகச் சொன்னார்:

"இன்னாம்மா நீ, வுடு மா. இவுரு நம்ம வூட்டு ஆளு."

குடையைக் கீழே இறக்கிவிட்டுப் போய் உட்கார்ந்தேன். ஆயிரம் பேர் இருந்த கூடத்தில் அந்த வார்த்தை எனக்கு மட்டும்தான் புரிந்தது. அதன்பிறகு நான் பர்ன்லியில் அழவில்லை.

திருக்கழுக்குன்றத்தில் வண்டி பத்து நிமிஷம் நின்றது. மலைக்கோயிலுக்குப் போகிறவர்கள் இறங்கினார்கள், பூக்கூடைக்காரி ஒருத்தி ஏறினாள். எட்டே முக்காலுக்கு மாமல்லபுரம்.

இந்தப் பயணத்துக்குக் காரணம் பேஸ்புக்கில் நான் சேர்ந்திருந்த ஒரு குழு. பழைய பிரிட்டிஷ் மல்யுத்த ரசிகர்கள் அதில் கூடிப் பேசுகிறார்கள். ஒருவருடைய அப்பா தொலைக்காட்சியின் மேல் பூட்ஸை எறிந்து கண்ணாடியை உடைத்தவர். இன்னொருவருடைய அத்தை வாரம் தவறாமல் தொப்பி ஊசியோடு போய் அயோக்கியர்களின் தொடையில் குத்திவிட்டு வருவாராம். சிகரெட் புகை, இறைச்சிப் பணியாரத்தின் மணம், ஈரக் கோட்டுகளின் வாடை என்று எழுதி எழுதி மாய்ந்துபோவார்கள். நானும் என் கதையை எழுதினேன், இளவரசர் பேசியதை மட்டும் விட்டுவிட்டு. இரண்டு நாள் கழித்து ஒரு பெண் செய்தி அனுப்பினாள். "நான் லேவண்டர் பிரபுவின் மகள். அப்பா உயிரோடு இருக்கிறார். இந்தக் குளிர்காலத்துக்கு மாமல்லபுரம் வருகிறோம். உங்களிடம் ஒன்று கேட்க வேண்டுமாம்."

ஒத்தவாடைத் தெருவில் அவர்கள் தங்கியிருந்த விடுதியின் மொட்டைமாடியில் கடல் தெரிந்தது. எண்பத்திரண்டு வயது. கைத்தடி. மேடையில் நசுங்கி நசுங்கி, பிசைந்த மாவு உருண்டையை அமுக்கி ஒட்டியதுபோல் ஆகிவிட்ட இரண்டு காதுகள். ரான் என்று பெயர் சொன்னார். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இவ்வளவு சின்ன உருவமா? முதுகில் ஒரு வாரம் வீக்கம் இருந்தது" என்றார்.

மகள் ஆன் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். ரான் கோப்பையைத் தொடாமல் கேட்டார்.

"அன்றைக்குக் கபீர் உன்னிடம் என்ன சொன்னான்? அதைக் கேட்டதும் நீ போய் உட்கார்ந்தாய். கடைசிவரை அவன் எனக்குச் சொல்லவில்லை. அவன் இறந்து பத்து வருஷமாகிறது. ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் கேட்டேன். உனக்கு எதற்கு என்று சிரித்தான்."

இளவரசரின் பெயர் கபீர் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. சதுரங்கப்பட்டினத்துக்காரர். கப்பலில் வேலை செய்யப் போய் இங்கிலாந்தில் இறங்கிக்கொண்டவர். பன்னிரண்டு வருஷம் இரண்டு பேரும் ஒரே காரில் ஊர் ஊராகப் போயிருக்கிறார்கள். ஊர் எல்லை வந்ததும் கபீர் பின்சீட்டுக்கடியில் போர்வைக்குள் படுத்துக்கொள்வாராம். பகைவர்கள் ஒரே காரில் வருவதை ரசிகர்கள் பார்த்தால் வினை.

நான் சொன்னேன். தமிழில் முதலில், அப்படியே. பிறகு ஆங்கிலத்தில். 'இவர் எங்கள் வீட்டு மனிதர்.' ஆங்கிலத்தில் அது சப்பென்று இருந்தது. ரான் புரியாமல் பார்த்தார். விளக்கப் பார்த்தேன். "உறவென்று இல்லை. சிநேகிதன் என்றும் இல்லை. கேட்காமல் உள்ளே வந்து அடுப்பில் இருக்கிற சட்டியைத் திறந்து பார்க்கிறவரை நாங்கள் அப்படிச் சொல்வோம்."

அவர் அப்போதுதான் கோப்பையைக் கையில் எடுத்தார். "அவன் எங்கள் வீட்டில் அதைத்தான் செய்வான். என் மனைவி கரண்டியால் அவன் கையில் அடிப்பாள்" என்றார். ஆன் எழுந்து தேநீர் பாத்திரத்தோடு கீழே போனாள். திரும்பி வந்தபோது அவள் கண் சிவந்திருந்தது.

பதினோரு மணிக்கு மூவரும் குன்றின் மேல் மகிஷாசுரமர்த்தினி குகைக்கு மெல்ல ஏறினோம். எத்தனையோ முறை பார்த்த சிற்பம். சிங்கத்தின் மேல் துர்க்கை பாய்கிறாள், எருமைத் தலையன் கதாயுதத்தைப் பிடித்தபடி சாய்கிறான். ரான் துர்க்கையைப் பார்க்கவே இல்லை. அசுரன் முன்னால் தடியை ஊன்றி நின்றுவிட்டார்.

"நல்ல தொழில்காரன்" என்றார். "பார், பின்வாங்குகிறான், ஆனால் ஓடவில்லை. தோற்கப் போகிறான், அது அவனுக்கே தெரியும். ஆனாலும் கடைசிவரை பெரிய ஆளாகவே நிற்கிறான். அவன் சின்னவனாகத் தெரிந்தால் அந்தப் பெண்ணுக்கு என்ன பெருமை?"

சந்தர்ப்பம் பார்த்துக் கேட்டேன். குழுவில் எல்லோரும் கேட்டுவரச் சொன்ன கேள்வி. "நீங்கள் போட்ட சண்டையெல்லாம் முன்கூட்டியே பேசி வைத்ததுதானா?"

அதுவரை பேசிச் சிரித்துக்கொண்டிருந்தவரின் முகம் மூடிக்கொண்டது. "அதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை" என்றார். "அப்பா எங்கள் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை" என்றாள் ஆன்.

மதியம் சதுரங்கப்பட்டினத்துக்கு ஆட்டோ பேசினேன். தெற்கே பதினைந்து கிலோமீட்டர், போகவர எண்ணூறு ரூபாய். ஓட்டுநர் நாற்பது வயதுக்காரர். கண்ணாடியில் ரானின் காதைப் பார்த்துக்கொண்டே வந்தவர், கடைசியில் கேட்டேவிட்டார்.

"இன்னா சிஸ்டர், ஐயா பைட்டரா?" நான் நர்சு என்று ஏறும்போதே சொல்லியிருந்தேன்.

"ஆமாம்பா. ரெஸ்லிங்."

"அப்டிப் போடு. சின்ன வயசுல ரெஸ்லிங் கார்டு வெச்சி வெள்ளாடுவோம். அதுல இவுரு கீறாரா?"

மொழிபெயர்த்தேன். தனக்குக் கார்டு போடவில்லை, சாபம்தான் போட்டார்கள் என்றார் ரான். ஓட்டுநருக்கு அது பிடித்துப்போய், கிழக்குக் கடற்கரைச் சாலை முழுக்க அதையே சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தார். சவுக்குத் தோப்புகள் இருபுறமும் ஓடின.

டச்சுக் கோட்டையின் செங்கல் மதிலைத் தாண்டி மூன்றாவது தெருவில் கபீரின் தம்பி யூசுப் பாயின் வீடு. ஆன் முன்பே எழுதியிருந்ததால் வாசலில் நாற்காலி போட்டுக் காத்திருந்தார். மளிகைக் கடையைப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டவர், எழுபத்தைந்து இருக்கும். வரவேற்றார், உட்கார வைத்தார், ஆனால் முகத்தில் இளக்கம் இல்லை. மோர் வந்தது. சுவரில் தலைப்பாகையோடு கபீரின் படம் எதுவும் இல்லை என்பதைக் கவனித்தேன். ரானும் கவனித்தார்.

கொஞ்ச நேரம் வெயில், பயணம் என்று பேச்சுப் போனது. பிறகு யூசுப் பாய் என் பக்கம் திரும்பினார்.

"சிஸ்டர், நீ ஒண்ணு கேட்டுச் சொல்லணும். எங்க அத்தா மவுத்தாவுற வரைக்கும் ஒண்ணே ஒண்ணுதான் சொல்லிகினு இருந்தாரு. எம்புள்ள அந்நிய ஊர்ல வெள்ளக்காரன் கையில அடி வாங்கிகினு கீறான், அந்தக் காசு எனக்கு வாணாம்னு. அண்ணன் அனுப்புனத தொடல. அண்ணன் ஒரே வாட்டி வந்தாரு, ரெண்டு பேரும் பேசிக்கல. இவுருதானே அடிச்சது? அண்ணனுக்கு ரொம்ப வலிச்சிச்சான்னு கேளு."

எப்படிச் சொல்வது என்று தயங்கினேன். பிறகு ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். ஆன் அப்பாவின் தோளைத் தொட்டாள். ரான் கைத்தடியைச் சுவரில் சாய்த்து வைத்தார். நாற்காலியை இழுத்து யூசுப் பாயின் முன்னால் போட்டுக்கொண்டு, "உங்கள் கையைக் கொடுங்கள்" என்றார்.

மணிக்கட்டைப் பிடித்தார். முழங்கையை மடக்கி முதுகுப்பக்கம் கொண்டுபோனார். தோளில் தன் மோவாயை வைத்து அழுத்தி, கழுத்து நரம்பு புடைக்க, பல்லைக் கடித்து உறுமினார். உள்ளேயிருந்து மருமகள் ஓடிவந்தாள். ஓட்டுநர் ஆட்டோவிலிருந்து குதித்துவிட்டார். எலும்பு ஒடியப் போகிறது என்றுதான் நானும் நினைத்தேன், ஐம்பது வருஷம் நர்சாக இருந்தும்.

"வலிக்கிறதா என்று கேள்" என்றார் ரான், அந்த உறுமலுக்கு நடுவில்.

கேட்டேன். யூசுப் பாயின் முகத்தில் குழப்பம். "இல்லியே" என்றார். "கொயந்தைய புடிக்கிற மாரி கீது."

ரான் பிடியை விடவில்லை. "பன்னிரண்டு வருஷம் அவன் இப்படித்தான் என் கையில் இருந்தான். நான் இப்படித்தான் அவன் கையில் இருந்தேன். அவன் தோள்மூட்டு விலகினால் என் பிழைப்பும் போகும் என்பதற்காக மட்டுமல்ல. அவனுக்கு அடிபட்டது ஒரே தடவை. மேடை வழுக்கி முட்டி போனது. அன்றைக்கு மாடிப்படியில் அவனை நான்தான் தூக்கிப்போனேன். இதை அவன் அப்பாவிடம் சொல்ல வந்திருக்க வேண்டும். பிந்திவிட்டேன்."

நான் சொல்லி முடித்ததும் யூசுப் பாய் வேறு பக்கம் பார்த்தார். தோள்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். பிறகு உள்ளே பார்த்து, "மீன் கொயம்பு இன்னும் ஆவுலியா?" என்று மருமகளை அதட்டினார். ஓட்டுநருக்கும் சேர்த்து இலை போட்டார்கள். வஞ்சிரம். ரான் இரண்டு முறை சோறு வாங்கினார், காரத்தில் மூக்கு சிவந்தது. சாப்பிட்டு எழுந்ததும் யூசுப் பாய் அந்தப் பிடியை எப்படிப் போடுவது என்று கேட்டார். கற்றுக்கொண்டு ஓட்டுநர் மேல் போட்டுப் பார்த்தார். "பாய், நெசமாலும் வலிக்குது பாய்" என்றார் அவர். பழகப் பழகத்தான் வலிக்காமல் வரும் என்றார் ரான்.

கிளம்பும்போது யூசுப் பாய் ரானின் கையைப் பிடித்துக்கொண்டு ஆட்டோ வரை நடந்து வந்தார். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழி இல்லை. இருவரும் பேசிக்கொண்டே வந்தார்கள். நான் மொழிபெயர்க்கவில்லை, கேட்கவும் இல்லை.

மாமல்லபுரத்தில் விடைபெறும்போது ரான், "நான் இன்று செய்ததை அந்தக் குழுவில் எழுதாதே. அவர்களிடமிருந்து அந்தச் சண்டைகளைப் பிடுங்க எனக்கு மனமில்லை" என்றார். நான் தலையாட்டினேன். ஐந்தரை மணி வண்டியில் செங்கல்பட்டுக்குத் திரும்பும்போது கைப்பேசியில் அறுபது எழுபது செய்திகள். பர்ன்லி, விகன், ஹாலிஃபாக்ஸ் என்று எந்தெந்த ஊரிலிருந்தோ கிழவர்களும் கிழவிகளும் காத்துக்கிடந்தார்கள். ஒப்புக்கொண்டாரா? எல்லாம் பேசி வைத்ததுதானா? என்ன சொன்னார்?

வஞ்சிரக் குழம்பு அவருக்குப் பிடித்திருந்தது என்று எழுதி அனுப்பினேன். இந்தக் கட்டுரையைத் தமிழில் எழுதுகிறேன். அந்தக் குழுவில் தமிழ் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.