இரண்டாம் வரிசையின் காலணிகள்

யுன்லான் இறந்துவிட்டாள் என்ற செய்தி மாலை ஆறு மணிக்கு, ஷிஃப்ட் மாறுகிற நேரத்தில் வந்தது. சந்தையில் மீன்காரனிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாளாம். ஆலையில் உலை வாயருகே நின்றிருந்த சுபிங்குக்கு அழுகை வரவில்லை. போன வாரத்து அமர்க்களம்தான் கண்முன் ஓடியது.

சீனாவின் வூசி நகரில் அது பிளம் பழுக்கும் மாதத்து மழை. சுவரெல்லாம் வியர்த்தது; வீட்டில் காயப்போட்ட எதுவும் காயவில்லை. சூரிய மின்தகடு ஆலையின் இரண்டாம் உற்பத்தி வரிசையில், சிலிக்கான் தகடுகளின் முதுகில் அலுமினியப் பசையை அச்சிடுவது யுன்லானின் வேலை. வரிசை தொடங்கிய நாளிலிருந்தே இருப்பவள். அச்சு இயந்திரத்தையும் அதோடு ஒட்டிய உலர்த்தியையும் "மருமகளே" என்று கூப்பிட்டுத் திட்டுவாள்.

அச்சிட்ட தகடு உலர்த்திக்குள் போய்க் காய்ந்து, பிறகு உலையில் வேகும். அன்று வெந்து வந்த தகடுகளின் முதுகெல்லாம் கடுகு கடுகாக அலுமினிய மணிகள். அடுக்கினால் மணி குத்தி, அப்பளமாய் நொறுங்கின.

"மதியத்துக்குள்ள இது நிக்கலேன்னா வரிசையை மூடிருவாங்க. ஆளுக்கொரு ஊருக்கு அனுப்பிருவாங்க" என்றான் எஞ்சினியர் ஃபெய்.

யுன்லான் புதுப்பசை போட்டாள், அச்சுத் திரையைக் கழுவினாள். ஃபெய் உலர்த்தியின் சூட்டை ஏற்றினான். மணிகள் வந்துகொண்டே இருந்தன.

சுபிங்கின் காலணி மழையில் ஊறிச் சளசளத்தது. உலர்த்தியின் பின்புறம், ஆவி வெளியேறும் கம்பி ஜன்னலில் அதைச் செருகிவைக்கலாமென்று நைசாகப் போனாள். செருக இடமில்லை. காலணிகள், காலுறைகள், ஒரு பள்ளிச் சட்டை. ஒவ்வொருவரும் தான் மட்டுமே வைக்கிறோம் என்று நினைத்து வைத்தவை. ஆவி போக வழியில்லாமல், பசை ஈரத்தோடே உலைக்குப் போய் மணியாய்ப் பொங்கிக்கொண்டிருந்தது. நட்டநடுவில் யுன்லானின் சிவப்புத் துணிக்காலணி.

"அக்கா, சீக்கிரம் இங்க வாங்களேன்."

யுன்லான் வந்து பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிச் சிரித்தாள். பின்னாலேயே ஃபெய்.

"யாரோடது இதெல்லாம்?"

"எல்லாமே என்னோடதுதான்." யுன்லான் ஒரு பெரிய ஆண் காலணியை எடுத்து நீட்டினாள். "இதையும் என்னோடதுன்னே வச்சுக்கலாமா தம்பி? மழைக்காலத்துல எனக்குக் கால் வீங்கும்."

ஃபெய்யின் காது சிவந்தது. அது அவனுடையது.

எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்தார்கள். கொஞ்ச நேரத்தில் உலையிலிருந்து வந்த தகட்டின் முதுகைச் சுபிங் கையுறை விரலால் தடவினாள். வழவழவென்று இருந்தது. இன்னொன்று. அதுவும். வரிசையே தட்டுகளைத் தட்டிக் கூத்தாடியது.

"இனிமே எங்கக்கா காயப்போடுறது?" என்று கேட்டாள் சுபிங்.

"படிக்குக் கீழ நான் கம்பி கட்டித் தர்றேன். என் மருமக முதுகுல மட்டும் இனிமே போடாதீங்கடி."

நேற்றுதான் யுன்லான் வீட்டிலிருந்து சுத்தியலும் கொக்கிகளும் கொண்டுவந்தாள். பாதி வேலையில் ஷிஃப்ட் மணி அடித்துவிட்டது.

இப்போது சுபிங் படிக்குக் கீழே போய்ப் பார்த்தாள். ஒரு சுவரில் கொக்கி இருந்தது. கம்பி அதில் சுற்றித் தொங்கியது. எதிர்ச்சுவரில் பென்சில் குறி மட்டும் இருந்தது.