அசன வாளியைத் தூக்கிய ஐயர்

ஒரு சபைக்கு ஐயராக இருப்பதும் கல்யாண வீட்டில் மாப்பிள்ளைத் தோழனாக இருப்பதும் ஒன்றுதான். எல்லாரும் மரியாதை கொடுப்பார்கள், ஒரு வேலையும் செய்ய விடமாட்டார்கள். எங்கள் நெல்லைப் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் போதகரை ஐயர் என்றுதான் கூப்பிடுவார்கள். நாலு பேருக்குத் தலைமை தாங்கி முழிபிதுங்கிப்போன சங்கத் தலைவர்களே, தலைமையாசிரியர்களே, என் பாடு உங்களுக்குப் புரியும்.

ஏரல் பக்கம் ஓர் ஆற்றங்கரை ஊருக்கு என்னை மாற்றினார்கள். அங்கே இரண்டு வருஷமாக அசனம் நின்றுபோயிருந்தது. கோயில் பண்டிகையன்று ஊரே ஒரே பந்தலில் உட்கார்ந்து சாப்பிடும் விருந்துதான் அசனம். முதல் குழம்பு வாளியை யார் தூக்குவது என்று செல்லத்துரை அண்ணாச்சிக்கும் பாக்கியநாதன் அண்ணாச்சிக்கும் சண்டை வந்து, பேச்சும் நின்று, விருந்தும் நின்றுவிட்டது. எப்படியாவது அதைத் திரும்ப நடத்திவிட வேண்டும் என்று எனக்கு ஒரே வெறி. தலைவன் முதலில் வேலைக்காரனாக இருக்க வேண்டும் என்று ஆண்டவர் சொன்னதைச் செய்தே காட்டுவது என்று இறங்கினேன்.

வாரியல்

கோயிலைப் பெருக்கி மணியடிக்கும் தங்கராஜ் வருவதற்கு முன்னால், முதல் சனிக்கிழமையே நான் வாரியலை எடுத்துவிட்டேன். வந்தவர் வாசலில் நின்று பார்த்தார், திரும்பிப் போய் மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்தார். வேலை போய்விட்டது என்று அந்த அம்மா மூக்கைச் சிந்தினார். நான் பதறிப்போய் ஊழியத்தின் மேன்மையைப் பற்றி ஒரு குட்டிப் பிரசங்கமே செய்தேன். தங்கராஜ் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "எல்லாஞ் சரி ஐயரே. நீங்க பெருக்கிட்டீயன்னா நாளைக்குப் பிரசங்கத்த நான்லா சொல்லணும்? எனக்கு நாலு பேரக் கண்டாலே கை நடுங்கும்."

கால் கழுவுதல்

இயேசு தம் சீஷர்களின் கால்களைக் கழுவியதை நினைத்து, பெரிய வியாழனன்று சபையார் சிலருடைய கால்களை ஐயர் கழுவுவது வழக்கம். எனக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது என்றோ என்னவோ, எல்லாரும் ஆற்றில் பீர்க்கங்கூடு போட்டுத் தேய்த்து, பவுடரும் பூசிக்கொண்டு வந்திருந்தார்கள். கழுவுவதற்கு ஒரு தூசி கிடைக்கவில்லை.

அது போகட்டும். முதல் நாற்காலியில் யார் உட்காருவது என்று இரண்டு அண்ணாச்சிமாரும் முறைத்துக்கொண்டு நின்றார்கள். இரண்டு நாற்காலியையும் ஒட்டிப் போட்டு, இவருடைய வலது காலையும் அவருடைய இடது காலையும் ஒரே தாம்பாளத்தில் வைத்து ஒன்றாகக் கழுவினேன். ஞானி சாலொமோன் ராஜாவுக்கே தம்பி என்று எனக்குள் ஒரு பெருமை. செல்லத்துரை அண்ணாச்சி குனிந்து என் காதில் சொன்னார்: "ஐயரே, அவருக்குத் தண்ணி கூடுதலா ஊத்திட்டீய."

மணிமுத்தாறு வேன்

வாலிபர் கூட்டத்தை மணிமுத்தாறுக்குக் கூட்டிப் போனேன். தலைவன் கடைசியில்தான் ஏற வேண்டும் என்று எல்லாரையும் ஏற்றிவிட்டு, வேனுக்கு வெளியே நின்று பயண ஜெபம் செய்தேன். ஐயர் 'ஆமென்' சொன்னதும் வண்டியை எடுப்பது எங்கள் டிரைவர்களின் வழக்கம். ஆமென் என்றேன், கண்ணைத் திறந்தேன், வேன் முக்கு திரும்பிக்கொண்டிருந்தது. போனில் பிடித்தால் டிரைவர் சத்தியம் செய்கிறார்: "முன்சீட்டுல ஒங்க வேதாகமம் இருந்துச்சு ஐயரே! ஐயர் சீட்ட யாரு திரும்பிப் பாப்பா?"

முதல் வாளி

கடைசியில் அசனத்துக்கு நாள் குறித்தாயிற்று. குழம்பு கொதிக்கிறது, பந்தலில் இலை போட்டாயிற்று, இரண்டு அண்ணாச்சிமாரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பந்தலின் இரண்டு மூலையில் நிற்கிறார்கள். இன்றைக்கும் கைகலப்பு ஆனால் இந்த ஊரில் இனி அசனமே கிடையாது. சோற்றுக் குவியலுக்கு முன் ஜெபித்து முடித்ததும், "முதல் வாளியை நானே தூக்குகிறேன்" என்று அறிவித்துவிட்டேன்.

வாளி அவ்வளவு கனக்கும் என்று யாருக்குத் தெரியும்? முதல் இலைக்காரர் ஏரலில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் பாய், சபையின் விருந்தாளி. பக்தியோடு ஒரு கரண்டி நிறைய ஊற்றினேன். இலையில் இன்னும் சோறே விழவில்லை. குழம்பு நேராக ஓடி அவர் மடியில் இறங்கியது. "பரவால்ல ஐயா" என்று அவர் எழுந்த வேகத்தில் நான் பின்னால் நகர்ந்து அடுத்த இலையை மிதித்தேன்.

"ஏலே பாக்கியம், வாளியப் பிடிலே! ஊரையே குளுப்பாட்டிருவாரு போல!" என்று கத்திக்கொண்டு ஓடி வந்தார் செல்லத்துரை அண்ணாச்சி. பாக்கியநாதன் அண்ணாச்சி அதற்குள் வாளியைப் பிடுங்கியிருந்தார். இவர் கையில் கரண்டி, அவர் கையில் வாளி. விட்டுக்கொடுக்க மனமில்லாமல் இரண்டு பேரும் சேர்ந்தே பந்தி முழுக்க நடந்தார்கள். இரண்டு வருஷப் பேச்சையும் அந்த ஒரு பந்தியிலேயே என்னைத் திட்டித் தீர்த்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. என் இலைக்கு வந்தபோது பாக்கியநாதன் அண்ணாச்சி ஒரு துண்டு கறி கூடுதலாக வைக்கச் சொல்லிவிட்டுச் சொன்னார்: "ஐயரே, அடுத்த வருசமும் இந்த வாளிய நாங்க ரெண்டு பேருந்தான் தூக்குவோம். நீங்க பைய உக்காந்து சாப்பிடுங்க."

முந்தைய ஐயர் எத்தனையோ ஜெபித்தும் சேராதவர்களை, ஒரு கரண்டி குழம்பைத் தப்பான இடத்தில் ஊற்றிச் சேர்த்துவைத்தேன் என்பதைப் பேராயருக்கு எப்படி அறிக்கை எழுதுவது என்றுதான் இன்னும் எனக்குத் தெரியவில்லை.