மூட்டைகளுக்கு நடுவே ஒரு மடை

இடிச் சத்தம் கேட்டால் எங்கள் வீட்டில் முதலில் எழுந்து ஓடுவது நான்தான். டிவி, ஃபிரிட்ஜ், கடைசியாக நெட் பெட்டி என்று ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கிவிட்டுத்தான் உட்காருவேன். பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் இடி இறங்கி எல்லாச் சாமானும் கருகியதைக் கண்ணால் பார்த்தவன். அதனால் நெட் போய்ப் போய் வர ஆரம்பித்த அன்று, மகள் அறைக்குள்ளிருந்து என்னைத்தான் கேட்டாள்.

"அப்பா, பிளக்கப் புடுங்கினீங்களா?"

"இல்ல பாப்பா. இடியும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான் ஏன் புடுங்குறேன்?"

பெட்டியில் விளக்கெல்லாம் பச்சையாகத்தான் எரிந்தது.

மகள் பிரசவத்துக்கு வந்தவள். மாப்பிள்ளை வெளிநாட்டில் இருக்கிறார். லீவு முடிந்ததும் கைக்குழந்தையைக் காரணம் சொல்லி, ஒரத்தநாட்டுப் பக்கம் இருக்கும் எங்கள் ஊரிலிருந்தே வேலை பார்க்க அனுமதி வாங்கியிருந்தாள். அந்த வாரம் மீட்டிங்கில் அவள் பேச்சு அடிக்கடி அறுந்துபோக, மேலதிகாரி அம்மா மரியாதையாகவே சொல்லிவிட்டார். திங்கட்கிழமை மீட்டிங்கில் மகள்தான் விளக்கிப் பேச வேண்டும். அன்றும் அறுந்தால், அடுத்த மாதம் சென்னை ஆபீசுக்கே வந்துவிட வேண்டும்.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மகள் என்ன வேலை பார்க்கிறாள் என்று யாராவது கேட்டால் "கம்ப்யூட்டர்ல" என்பதோடு நிறுத்திக்கொள்வேன். ஆனால் சென்னையில் குழந்தையை யார் பார்ப்பது, பால் குடிக்கிற பிள்ளையை இங்கே விட்டுவிட்டு அவள் எப்படி இருப்பாள் என்றெல்லாம் நினைக்க எனக்குப் படிப்பு வேண்டியிருக்கவில்லை.

சனிக்கிழமை நெட் கம்பெனி லைன்காரர் வந்தார். பெட்டிக்குப் போகும் வயரில் மீட்டரை மாட்டிப் பார்த்தார்.

"லைன் சுத்தமா இருக்குங்க. பெட்டியும் நல்லாருக்கு. வீட்டுக்குள்ளதான் என்னமோ, பாருங்க."

வீட்டுக்குள் என்ன பார்ப்பது? பெட்டியை அணைத்துப் போட்டேன். துணியால் துடைத்தேன். இன்வெர்ட்டர் மேல் சந்தேகப்பட்டு அதன் சத்தத்தைக் காது வைத்துக் கேட்டேன். வேளாங்கண்ணிக்கு நடந்தே வருவதாக நேர்ந்துகொண்டேன் என்று மனைவியிடம் சொன்னேன்.

"மாடிப்படி ஏறவே முட்டி வலிக்குதுங்குறீங்க, வேளாங்கண்ணிக்கு நடக்கப் போறீங்களா? மாதாவுக்கே சிரிப்பு வரும். மொதல்ல அந்தப் பெட்டிய விடுங்க, பாவம்" என்றாள்.

ஞாயிறு பூசை முடிந்து வந்து உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்குத் தெரிந்த வழியில் பார்க்கலாமே என்று தோன்றியது. ஆற்றில் தண்ணீர் வந்திருக்கும், வயலுக்கு வராது. அப்போது வாய்க்காலின் தலைப்பிலிருந்து கரையோடு நடந்து போவோம். எதுவரைக்கும் வருகிறது, எங்கே நிற்கிறது என்று கண்டுபிடித்தால் அங்கேதான் அடைப்பு. இதையும் அப்படி நடந்து பார்த்தால் என்ன?

மகள் சிரித்தாள். ஆனாலும் போனில் நெட்டின் வேகத்தைக் காட்டும் முள்ளைத் திறந்து கையில் கொடுத்தாள். கூடத்து ஜன்னலோரம் பெட்டியின் அருகே வைத்தேன். முள் துள்ளி ஏறியது. நாலெட்டு நடந்து நெல் மூட்டை அடுக்கைச் சுற்றி, அவள் அறை வாசலுக்குப் போனேன். முள் படுத்துவிட்டது. திரும்பப் போனேன், ஏறியது. மறுபடி வந்தேன், படுத்தது.

அது குறுவை நெல். ஈரம் அதிகம், காயவைத்துக் கொண்டுவாங்க என்று கொள்முதல் நிலையத்தில் திருப்பி அனுப்பியிருந்தார்கள். மற்றவர்கள் களத்தில் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். எனக்கு மனசு ஆறவில்லை. ஒரு மழை அடித்தால் முளைத்துப் போகுமே என்று எல்லாவற்றையும் கூடத்துக்குள் கொண்டுவந்து, தலை உயரத்துக்குச் சுவர் மாதிரி அடுக்கச் சொன்னேன்.

"மூட்ட எப்பப்பா வந்துச்சு?"

"செவ்வாக்கெழம."

"எனக்கு மொதல்ல கட்டானதும் செவ்வாக்கெழமதாம்ப்பா. ஈரமா இருந்தா சிக்னல உறிஞ்சிடும். இம்மாம் நெல்லு இருந்தா எப்படி வரும்?"

"அப்ப வெளியில எடுத்துப் போடுங்க" என்றாள் மனைவி.

"மழ வந்தா?"

"வந்தா நனையும்."

அவளுக்கு அது சுலபமாக வாயில் வருகிறது. பெட்டியை நகர்த்தலாம் என்றால் வயர் நீளம் போதாது. மகள் பெட்டியின் பக்கம் வந்து உட்காரலாம் என்றால், மூட்டைக்கும் ஜன்னலுக்கும் நடுவில் நாற்காலி போட இடமில்லை. மூட்டைகளையே பார்த்துக்கொண்டு நின்றேன். தண்ணீர் விடுவதற்கு யாராவது வரப்பு முழுவதையும் வெட்டி எறிவார்களா? மடை அளவுக்குத்தானே வெட்டுவோம்.

பெட்டிக்கும் அறைக் கதவுக்கும் நேராக இருந்த மூட்டைகளை மட்டும் நானும் மனைவியும் இழுத்து, பீரோ ஓரமாகவும் சமையலறை வாசலிலுமாகப் போட்டோம். பச்சை உடம்பு, நீ தொடாதே என்று மகளைத் தள்ளி நிற்கச் சொன்னேன். ஒரு கதவு அகலத்துக்கு வழி திறந்ததும் அவள் அறைக்குள்ளிருந்து கூவினாள்.

"ஏறுதுப்பா!"

திங்கட்கிழமை மீட்டிங் தொடங்கியது. குழந்தை தூங்கியது. நான் மடைக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டுக் காவல் இருந்தேன். மனைவி காபியோடு அந்த வழியாக வரப் பார்த்தாள்.

"குறுக்க வராத, குறுக்க வராத!"

"ஏன், நானும் நெல்லு மூட்டையா?"

"சுத்தி வாயேன்."

அவள் முணுமுணுத்துக்கொண்டே சுற்றிப் போனாள். அந்த நேரம் பார்த்து மேற்கே உறுமியது. தூரத்து இடிதான். என் கை தன்னால் எழுந்து பிளக் பக்கம் போனது. அறைக்குள் மகளின் குரல் இங்கிலீஷில் தடங்கல் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு கையாலும் பக்கத்து மூட்டையின் காதைப் பிடித்துக்கொண்டேன். இன்னொரு தடவை உறுமியது, கொஞ்சம் கிட்டே. கண்ணை மூடி அருள் நிறைந்த மரியே சொன்னேன். பாதியில் வார்த்தை மறந்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

மகள் கதவைத் திறந்து வந்தாள்.

"முடிஞ்சிச்சுப்பா. ஒரு தடவகூட கட்டாகல. இங்கேருந்தே பாத்துக்கங்கன்னு சொல்லிட்டாங்க."

நான் ஸ்டூலை விட்டு எழுந்து, நேராகப் போய்ப் பிளக்கைப் பிடுங்கினேன்.