திரேசம்மாவின் மொனிட்டரில் ஒரு கறை

1. மூன்றாம் தடவை

"ஐசே செல்வம், உம்மட கொட்டாஞ்சேனை அம்மா திரும்பவும் வந்திட்டா. ஓட்டோவில மொனிட்டரை மடியில வச்சுக்கொண்டு வாறா, கைக்குழந்தை மாதிரி."

முதலாளி இதைச் சொன்னபோது நான் கடையின் பின்பக்கத்தில் ஒரு பவர் சப்ளையைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தேன். கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில் எங்கள் கொம்பியூட்டர் கடை இருந்தது. முன்னால் விற்பனை. பின்னால் பலகை அடித்து மறைத்த ஆறடி இடத்தில் ரிப்பேர். அந்த ஆறடிதான் என்னுடையது. நான் ஓ/எல் பரீட்சை வரை மட்டும் படித்தவன். ரேடியோ, டிவி திருத்தும் வேலையிலிருந்து கொம்பியூட்டருக்கு வந்தவன். ஆட்களோடு கதைக்க எனக்கு வராது. அதனால் பலகைக்குப் பின்னால் இருப்பது வசதியாக இருந்தது.

சண்டை மறுபடியும் தொடங்கியிருந்த காலம் அது. மொனிட்டர் என்றால் இப்போது உள்ளதுபோல் தட்டையானதல்ல, பின்னால் பெட்டிபோல நீளும் பிக்சர் டியூப் மொனிட்டர். அந்தக் கொட்டாஞ்சேனை அம்மா, திரேசம்மாவினுடையது பதினேழு அங்குலம், வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவருடைய முறைப்பாடு ஒன்றுதான்: படத்தின் மேல்பகுதியில் ஊதா நிறத்தில் ஒரு கறை வருகிறது, ஓரத்தில் கொஞ்சம் பச்சை.

இப்படியான கறைக்கு எங்கள் தொழிலில் காரணம் தேட வேண்டியதில்லை. பக்கத்தில் எங்கோ காந்தம் இருக்கிறது என்று அர்த்தம். இரண்டு தடவை அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். முதல் தடவை ஸ்பீக்கர்களைத் தள்ளி வைத்தேன். இரண்டாம் தடவை ஸ்டெபிலைசரை மேசைக்குக் கீழே இறக்கினேன். இரண்டு தடவையும் நான் மொனிட்டரை அணைத்துப் போட்டதும் படம் சுத்தமாக வந்தது. டியூப் மொனிட்டரைப் போடும்போது 'டொங்' என்று ஒரு சத்தம் கேட்கும். அது உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் டியூப்பில் ஏறிய காந்தத்தைக் கலைக்கும் சத்தம். டிகோஸ் என்போம். காந்தத்தை அப்புறப்படுத்திவிட்டு ஒருமுறை அணைத்துப் போட்டால் கறை போய்விடும். போனது. நான் வந்த பிறகு திரும்பவும் வந்தது.

மூன்றாம் தடவை அவரே மொனிட்டரைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். கடை மேசையில் வைத்து, அவர் கண் முன்னாலேயே இரண்டு மணித்தியாலம் ஓடவிட்டோம். முழு வெள்ளை, முழுச் சிவப்பு, முழுப் பச்சை, முழு நீலம். எந்த நிறத்திலும் ஒரு புள்ளிகூட இல்லை.

முதலாளி உரத்த குரலில் சொன்னார். "அம்மா, மொனிட்டரில ஒரு பிழையும் இல்லை. ஏஜென்ட்டிட்டக் குடுத்தாலும் இதைத்தான் சொல்லுவாங்கள். நீங்களே வடிவாப் பாருங்க."

"ஒரு பிழையும் இல்லையா?"

"சத்தியமா இல்லை."

"நல்லாப் பார்த்துத்தான் சொல்றீங்களா?"

"இந்தா, இவர்தான் பார்த்தவர். ஐசே, சொல்லுமன்."

நான் தலையாட்டினேன்.

திரேசம்மா கதிரையின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். "அப்ப அது அவன்ட முகத்திலதான்" என்றார்.

முதலாளிக்கு விளங்கவில்லை. போன் அடித்தது, எடுக்கப் போய்விட்டார். எனக்கு விளங்கியது.

2. கேட்காத கேள்வி

இரண்டாம் தடவை அவர் வீட்டில் ஸ்டெபிலைசரை இறக்கிக்கொண்டிருந்தபோதே அவர் எனக்கு எல்லாம் சொல்லியிருந்தார். நான் கதைக்காதவன் என்பதால் பலர் என்னிடம் சொல்வார்கள்.

அவருக்கு ஒரே மகன், ரெஜி. கொட்டாஞ்சேனையில் ஹயருக்கு, வாடகைக்கு, வேன் ஓட்டினவன். ஒருநாள் சோதனைச் சாவடியில் விசாரணைக்கென்று மறித்து வைத்துக்கொண்டார்கள். ஒன்பதாம் நாள் திரும்பி வந்தான். இடக் கன்னம் வீங்கிக் கறுத்திருந்தது. என்ன நடந்தது என்று கேட்டதற்கு "ஒண்டுமில்ல அம்மா, விழுந்திட்டன்" என்றான். அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. அடுத்த வருடம் கனடாவுக்குப் போய்விட்டான். அங்கிருந்து ஒரு நண்பன் மூலம் இந்தக் கொம்பியூட்டரையும் கமராவையும் வாங்கிக் கொடுத்தான். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஆறு மணிக்கு, அவனுக்கு அது காலை, ஒரு மணித்தியாலம் முகம் பார்த்துக் கதைப்பார்கள். மற்ற ஆறு நாளும் கொம்பியூட்டர் துணி போட்டு மூடியிருக்கும்.

முதல் ஞாயிறே அவன் இடக் கன்னத்தில் ஊதா நிறம்.

"கேட்டா என்ன சொல்றான் தெரியுமா தம்பி? எனக்கு ஒண்டுமில்ல அம்மா, உங்கட ஸ்கிரீன்தான் பிழை, கடையில குடுங்க எண்டு சொல்றான். அண்டைக்கும் ஒண்டுமில்ல எண்டுதானே சொன்னான்? ஸ்கிரீன்லயா, முகத்திலயா? எனக்கு அது மட்டும் தெரிஞ்சாப் போதும்."

அவருக்குப் புது மொனிட்டர் தேவைப்படவில்லை. எங்கள் மொனிட்டரில் பிழை இருக்க வேண்டும் என்பதுதான் அவருக்குத் தேவையாக இருந்தது. நாங்களோ பிழை இல்லை என்று சத்தியம் செய்தோம்.

நான் அப்போது கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. மகன் தலையை அசைக்கும்போது கறையும் கூட அசைகிறதா? மொனிட்டரில் கறை என்றால் அது இருந்த இடத்தில் இருக்கும். பத்துச் சொல்கூட வராது. வாய் வரை வந்தது. முதலாளி முன்னால், மற்றக் கஸ்டமர்கள் முன்னால், அழப்போகிற ஒரு பெண்ணிடம் அதை எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் கேபிளைச் சுற்றிக்கொண்டு நின்றேன். பிறகு மொனிட்டரைப் பெட்டியில் வைத்துக் கட்டி, ஓட்டோவில் ஏற்றிக் கொடுத்தேன்.

"பரவாயில்ல தம்பி. உங்கட குத்தமில்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

3. ஞாயிற்றுக்கிழமை

நான் வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் தங்கியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் லொட்ஜில் ஆள் இருக்காது. எல்லோரும் வெளிநாட்டுக்குக் கதைக்கக் கொமியுனிகேஷன் கடைகளில் வரிசையில் நிற்பார்கள். எனக்கு அம்மா போன பிறகு போன் எடுக்க ஆள் இல்லை. தண்டவாளத்தோரம் நடப்பேன். பாணந்துறை ரயில் ஒன்று போகும்வரை பார்த்துவிட்டுத் திரும்பி வருவேன். அதுதான் என் ஞாயிறு.

அந்த ஞாயிறு நாலரை மணிக்கு டூல் பையைத் தூக்கிக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் பஸ் ஏறினேன். வேலை நாட்களில் கடைக் கடிதம் ஒன்று கொண்டுபோவேன், இன்ன வேலைக்கு இன்ன இடத்துக்கு அனுப்பப்படுகிறார் என்று. ஞாயிறு கடை பூட்டு, கடிதம் இல்லை. மலைநாட்டு முகவரி போட்ட அடையாள அட்டையும் கொழும்பில் தங்க எடுத்த பொலிஸ் பதிவுத் துண்டும் மட்டும்தான். புறக்கோட்டை தாண்டியதும் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள்.

"கொஹெத யன்னே?" எங்கே போகிறாய் என்று சிப்பாய் கேட்டார்.

கொம்பியூட்டர் ஒன்று திருத்தப் போகிறேன் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன்.

"இரிதத்?" ஞாயிற்றுக்கிழமையுமா?

பையைத் திறந்து நீட்டினேன். அவர் பைக்குள் கையை விட்டுத் துளாவினார். ஸ்க்ரூடிரைவர்களும் ஈயக் கம்பியும் வெளியே வந்தன. என் முகத்தைப் பார்த்தார், சிரித்தார், போகச் சொன்னார். சேர்ட் முதுகோடு ஒட்டியிருந்தது.

திரேசம்மா கதவைத் திறந்து திகைத்துப்போனார். "ஐயோ தம்பி, சொல்லாமக் கொள்ளாம வந்திருக்கிறீங்க! ரெஜி வாற நேரம். கொஞ்சம் பொறுங்க, அவரை எடுத்து உள்ள வச்சிட்டு..." என்று உள்ளே ஓடினார். அதற்குள் கொம்பியூட்டரில் அழைப்பு மணி அடித்தது. எடுக்கப் போனதை விட்டுவிட்டு அதற்கு முன்னால் உட்கார்ந்தார்.

மொனிட்டரின் மேல் விளிம்பில், நடுவில், விரல் நீள அந்தோனியார் சுரூபம் ஒன்று, சின்னச் சிலை, நின்றது. முன்பு வந்த இரண்டு தடவையும் நான் அதைக் காணவில்லை.

நான் பார்ப்பதைக் கண்டு அவர் சொன்னார். "நீங்க வரேக்க அவரை எடுத்து உள்ள பீடத்தில வச்சிடுவன். நீங்க பெட்டியப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறீங்க, விழுந்து உடைஞ்சா என்ன செய்றது? நீங்க போனதும் திரும்ப வைப்பன்."

படம் வந்தது. முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவன், தொப்பி போட்டிருந்தான். இடக் கன்னத்தில் ஊதாக் கறை. பார்த்தால் அடிபட்ட கன்னம்தான். நான் தாயாக இருந்தாலும் அவன் சொன்னதை நம்பியிருக்க மாட்டேன்.

"ரெஜி, இதான் கடைத் தம்பி."

"அண்ணே, ஞாயிறும் விடமாட்டாவோ? அம்மா, அந்த மனுசனைக் கொஞ்சம் நிம்மதியா இருக்க விடுங்க."

நான் ஒரு வாரமாக மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்த வசனத்தைச் சொன்னேன். "கொஞ்சம் அந்தப் பக்கம் சாயுங்க."

சாய்ந்தான். கன்னம் போனது. கறை போகவில்லை. அவனுக்குப் பின்னால் சுவரில் தொங்கிய கலண்டரின் மேல் அப்படியே நின்றது. என்னைவிட முதலில் கண்டவர் திரேசம்மா. "ஆ" என்றார். அவ்வளவுதான்.

"அன்ரி, இவரைக் கொஞ்சம் தூக்குறீங்களா?"

"அவரையா?"

நான் தொடவில்லை. அவர் இரண்டு கையாலும் சுரூபத்தைத் தூக்கினார். கறை சுருங்கி மேலே போனது. திரும்பக் கிட்டக் கொண்டுவந்தார், கன்னம் ஊதாவானது. எடுத்தார், வெளுத்தது. நான்கைந்து தடவை அப்படிச் செய்தார். மிச்சமிருந்த மெல்லிய நிழலைப் போக்க நான் மொனிட்டரை அணைத்தேன்.

"ஐயோ, அவன் போயிட்டானா?"

"இல்லம்மா, இருக்கிறன்" என்றது ஸ்பீக்கர்.

'டொங்.' படம் வந்தது. அவன் முகம் துடைத்து வைத்ததுபோல் இருந்தது. இரண்டு நாள் மழிக்காத தாடி தெரிந்தது.

சுரூபத்தைப் புரட்டிப் பார்த்தேன். அடியில் தடித்த வட்டக் காந்தம் ஒன்று ஒட்டியிருந்தது. அதைக் கமராவுக்குக் காட்டினேன். ரெஜி விழுந்து விழுந்து சிரித்தான்.

"அது வேன் டாஷ்போர்டில இருந்தவர் அண்ணே! பள்ளம் வந்தாப் போதும், என்ட மடியில விழுவார். அதான் பழைய ஸ்பீக்கர் ஒண்டிட மெக்னட்டப் புடுங்கி ஒட்டினனான். கழட்டிப் பாருங்க, லேசில கழலாது!"

"உன்னைத் திருப்பித் தந்தவர் அவர்தான்" என்றார் திரேசம்மா. "அதுதான் உன்ட தலைக்கு மேல வச்சன்."

நான் மேசையோரம் குந்தியிருந்து காந்தத்தை ஸ்க்ரூடிரைவரால் நெம்பத் தொடங்கினேன். அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இண்டைக்கு நீ சொன்னது உண்மைதான் ரெஜி."

"பின்ன? நான் எப்ப உங்களுக்குப் பொய் சொன்னனான்?"

"விழுந்திட்டன் எண்டு சொன்னியே."

ரெஜி தொப்பியைக் கழற்றினான். நான் தலையைத் தூக்கவில்லை. காந்தம் கழன்று என் கையில் விழுந்திருந்தது. அப்படியும் நெம்பிக்கொண்டேயிருந்தேன்.

"அது விழுந்ததில்ல அம்மா."

"தெரியும்" என்றார். பிறகு, "சாப்பிட்டியா?" என்று கேட்டார்.

நான் புறப்படும்போது காந்தத்தை என் கையில் பொத்தி வைத்தார். "ஃபாதர் ஆசீர்வதிச்ச சுரூபம் தம்பி. அதில இருந்ததை எறியேலாது. நீங்க வச்சுக்கொள்ளுங்க. வாற ஞாயிறும் வாங்க, ஒரு டீயாவது குடிச்சிட்டுப் போகலாம்."

திரும்பும்போதும் அதே சிப்பாய். பையில் காந்தத்தைக் கண்டு என்ன என்று கேட்டார். சொன்னேன். பக்கத்திலிருந்த தார் பீப்பாயில் அதை ஒட்டினார், இழுத்து எடுத்தார், திருப்பித் தந்தார். "ஹெதுனாத?" திருத்தியாயிற்றா என்று கேட்டார். ஓம் என்றேன். அன்று என் வேலை சரிவந்ததா என்று கேட்டவர் அவர் ஒருவர்தான்.

4. பிறகு

திங்கட்கிழமை முதலாளியிடம் சொன்னேன். "அந்தோனியாரோ!" என்று மேசையில் தட்டிச் சிரித்தார். "வாரண்டிக் கார்டில எழுதும் ஐசே, மேல சாமி வைக்கப்படாது எண்டு."

அதன் பிறகு நான் எந்தக் கஸ்டமருக்கும் "பிழை இல்லை" என்று சொன்னதில்லை. "இங்கே எனக்குத் தெரியவில்லை" என்றுதான் சொல்வேன். இரண்டும் ஒன்றல்ல. கடை மேசையில் தெரியாத பிழையை, அவர்கள் பாவிக்கும் நேரத்தில், அவர்கள் வைத்திருக்கும் இடத்தில் போய்ப் பார்க்க வேண்டும். நாங்கள் வருகிறோம் என்று ஆட்கள் வீட்டை ஒழுங்குபடுத்தி வைப்பார்கள். பல வேளை அப்படி எடுத்து வைத்ததில்தான் பிழை இருக்கும். அதனால் கூச்சப்படாமல் கேட்க வேண்டும்: நான் வரமுதல் இங்கே என்ன இருந்தது? இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்.

அந்தக் காந்தம் இன்றும் என் வேலை மேசையில் இருக்கிறது. சிறிய ஸ்க்ரூக்கள் உருண்டு தொலையாமல் பிடித்து வைத்துக்கொள்ளும்.

அடுத்த ஞாயிறு பையைத் தூக்கிக்கொண்டு பஸ் தரிப்பு வரைக்கும் போனேன். இரண்டு பஸ் வந்து போயின. எங்கே போகிறாய் என்று கேட்டால் இந்தத் தடவை எதைத் திருத்தப் போவதாகச் சொல்வது என்று யோசித்தேன். பிழையில்லாத வீட்டுக்கு என்ன சொல்லிப் போவது என்று எனக்குத் தெரியவில்லை. திரும்பி லொட்ஜுக்கு வந்துவிட்டேன்.

திரேசம்மாவின் மொனிட்டர் அதற்குப் பிறகு கடைக்கு வரவேயில்லை. நான் அதை நன்றாகத் திருத்தியிருந்தேன்.