கிட்டுசாமியின் இடது காது

1997-இல் கலிஃபோர்னியாவின் மில்பிடாஸ் தமிழர்களிடையே ஒரு பேச்சு கிளம்பியது: கிட்டுசாமிக்கு கிரீன் கார்டோடு தலைக்கனமும் வந்துவிட்டது. மளிகைக் கடையில் தெரிந்தவர் திருமூர்த்தி மூன்று தரம் கூப்பிட்டும், மனிதர் துவரம்பருப்பை விட்டுக் கண்ணை எடுக்கவில்லையாம்.

சரிபார்க்கப் போனால், கார்டு வந்தது உண்மை. தலைக்கனத்தைத்தான் காணோம்.

கம்ப்யூட்டர்களைச் சோதிக்கும் லேபில் அவருக்கு எட்டு வருட வேலை. நூற்றுச்சொச்சம் விசிறிகள் நாள் முழுக்க இரையும் இடம். அதை அமுக்க இடுப்பில் வாக்மேன், காதில் இயர்போன். பாட்டு கேசட்டோ, கோயம்புத்தூரிலிருந்து யாரோ கொண்டுவந்து, டேப்புக்கு டேப் காப்பியாகி, நாலாவது கையாக வந்தது. ஒவ்வொரு கையிலும் பாட்டு தேய்ந்து இரைச்சல் கூடியிருந்தது. பாட்டு தேயத் தேய அவர் வால்யூமை ஏற்றினார். பத்துக்கு மேல் எண் இல்லாததால் பத்தில் நின்றார். வீட்டிலும் அதே பத்துதான்.

"டாட், ஐ கேன் ஹியர் யுவர் சாங் ஃப்ரம் த ஸ்டேர்ஸ்" என்றாள் மகள் வான்மதி. பெண்ணுக்குத் தமிழ்ப் பாட்டில் ஆசை வந்துவிட்டதென்று பூரித்துப்போனார்.

பிறகு லேபை விட்டு வந்தும் இடது காதில் ஒரு கீச்சொலி நிற்கவில்லை. மனைவி பவளம் அந்தப் பக்கம் நின்று பேசினால் சிரித்துவைத்தார்.

"ஏனுங்க, ரசம் வேணுமான்னு கேட்டா எதுக்குச் சிரிக்கறீங்க?"

கடைப் பேச்சு எட்டியதும் அவளுக்குப் புரிந்துவிட்டது. "டாக்டர்கிட்ட அப்பாயின்ட்மென்ட் போட்டுட்டனுங்க."

"எனக்கு நல்லாத்தான் கேக்குது."

அப்போது அவள் வலப்பக்கம் நின்றிருந்தாள்.

டாக்டர் காட்டிய கேட்புத்திறன் வரைபடத்தில் இடது காதின் கோடு சரிந்து கிடந்தது. வலதும் சரியத் தொடங்கியிருந்தது. போனது திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்றார். வால்யூம் பாதிக்கு மேல் கூடாது. மணிக்கொரு தரம் காதுக்கு ஓய்வு. லேபில் பாட்டே வேண்டாம், காதடைப்பான் போதும்.

சனிக்கிழமை கிட்டுசாமி திருமூர்த்தியைத் தேடிப் போனார்.

"அன்னிக்கு நெஜமாவே கேக்கலைங்க. இடது காது போயிருச்சுங்க."

 திருமூர்த்தி மெல்ல அவருடைய வலப்பக்கம் நகர்ந்து நின்றார். "ஊரெல்லாம் சொல்லிட்டேனே சார். நான் கூப்ட்டதே, உங்க வாக்மேன்ல ஓடற அந்த கேசட்ட ஒரு காப்பி போட்டுத் தருவீங்களான்னு கேக்கத்தான்."

"தர்றனுங்க."

வெற்று கேசட் வாங்கியாயிற்று. உறைமேல் 'பாதி வால்யூமுக்கு மேல் வைக்காதீர்கள்' என்று எழுதியும் ஆயிற்று. ஐந்தாவது கைக்குப் போகும் பாட்டு பாதி வால்யூமில் கேட்குமா என்று யோசிக்கிறார். கேசட் இன்னும் வெற்றாகவே இருக்கிறது.